மரவேலை பழகும் தம்பிக்குப் பொங்கல் பரிசு: முதலில் கூர், அடுத்து பிடி, அப்புறம்தான் கருவி

கேள்வி இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பொங்கலுக்கு பர்கூர் வருகிறார். அவர் தம்பிக்கு ஓசூரில் வேலை. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மரவேலை பழகுகிறார். கையில் ஒரு சுத்தியல், ஒரு பழைய ரம்பம், இரண்டு உளி இருக்கின்றன. "நாலாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது வாங்கித் தரணும். ஆன்லைனில் நாற்பது சாமான் உள்ள பெட்டி ஒன்று வருகிறது. அதையே வாங்கிவிடலாமா?"

வேண்டாம். நாற்பது சாமான் என்று எண்ணிக்கை இருந்தாலும் மரவேலைக்கு ஆவது அதில் ஐந்தாறு தேறாது. மீதியெல்லாம் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் முனை, இன்ச் டேப் என்று இருக்கும். அதில் வரும் உளிக்கு இரும்பு போதாது. மாங்கட்டையில் நாலு அடி அடித்தால் வாய், அதாவது வெட்டும் முனை, மடங்கிவிடும். தம்பி தன் கை சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுவிடுவார்.

புதிதாகப் பழகுகிறவருக்கு வேலை தட்டுகிற இடம் அநேகமாக இரண்டுதான். உளி மரத்தைச் சீவாமல் நசுக்கும். அறுக்கும்போதோ இழைக்கும்போதோ மரம் நகரும். இரண்டையும் புதுக் கருவி தீர்க்காது. கடையில் வாங்கும் புது உளிகூட அப்படியே வேலைக்கு ஆகாது. ஆலையில் வாயின் சாய்வுப் பக்கத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்து அனுப்புகிறார்களே தவிர, தீட்டுவது வாங்குகிறவர் பாடு. ஆகவே முதல் பணம் தீட்டும் சாமானுக்குப் போகட்டும். அடுத்தது மரத்தை நகராமல் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். மிச்சம் இருந்தால் உளி, ரம்பம் என்று யோசிக்கலாம்.

தீட்டுவதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர், தர்மபுரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஓரமாகக் குவித்திருக்கும் வெட்டுத் துண்டுகளில் ஒரு பக்கம் பாலிஷ் போட்டது ஒன்றைக் கேளுங்கள். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம். எடை ஏழு கிலோ அளவுக்கு வரும். அந்தக் கனம் இருந்தால்தான் தேய்க்கும்போது கல் அசையாது. இரும்பு அடிக்கோல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் விளிம்பைக் கல்மேல் நேராகவும் குறுக்காகவும் இரண்டு மூலைவிட்டத்திலும் நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், அடுத்ததை எடுங்கள். நாலு ஓரத்தையும் கொஞ்சம் மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். சமையல் மேடைக்கு என்று தேடினால் விலை சொல்வார்கள். வெட்டுத் துண்டு என்றால் சொற்பம்தான்.

அந்தக் கல்மேல் ஒட்டுவது வாட்டர் பேப்பர். 220, 400, 1000, 2000 என்று நாலு எண், ஒவ்வொன்றிலும் ஐந்து தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 220-ம் 400-ம் எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும். 1000-க்கும் 2000-க்கும் கார் பெயின்ட் சாமான் விற்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கலாம். கறுப்பாக, தண்ணீரில் நனைத்தாலும் கிழியாத தாளாக இருக்க வேண்டும். மரம் தேய்க்கும் சாதாரண உப்புத்தாள் இதற்கு உதவாது, நனைந்தால் மணல் உதிர்ந்துவிடும். தாளைப் பாதியாகக் கிழித்தால் ஏறக்குறைய 9 அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம் வரும். அப்படி மூன்று பாதிகள் இந்தக் கல்மேல் பக்கம் பக்கமாக உட்காரும். கல்லில் தண்ணீர் தெளித்துத் தாளை விரித்து உள்ளங்கையால் தள்ளினால் போதும், கல் அதைப் பிடித்துக்கொள்ளும். பசை தேவையில்லை.

மூன்றாவது சாமான், உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் சின்ன உருளை வண்டி. கடையில் ஹோனிங் கைடு என்றே கேளுங்கள். இரண்டு பக்கத் தாடையும் ஒரு திருகால் நெருங்கி உளியின் ஓரங்களைக் கவ்வுகிற வகை விலை குறைவு, தொடக்கத்துக்கு அது போதும். அந்த வகையில் உளியின் வாய் வண்டியைத் தாண்டி 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 30 டிகிரி, 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 25 டிகிரி வரும். இழைப்புளி அலகு இதே வண்டியில் மேல் பள்ளத்தில் உட்காரும். அதற்குக் கணக்கு வேறு: 38 மி.மீ. என்றால் 30 டிகிரி, 50 மி.மீ. என்றால் 25 டிகிரி. உளிக்குச் சொன்ன அளவை அலகுக்கும் வைத்துவிட்டு, ஏன் வாய் ஏறவில்லை என்று மணிக்கணக்கில் தேய்ப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இந்த நாலு அளவுக்கும் ஒரு பிளைவுட் துண்டில் சின்னச் சின்னக் கட்டை ஒட்டி, எண்ணையும் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கொடுங்கள். உளியின் வாயைக் கட்டையில் முட்டவைத்து, வண்டியைப் பலகை ஓரத்தில் முட்டவைத்து இறுக்கினால் ஒவ்வொரு முறையும் அதே கோணம் வரும். அரைமணி நேரத்து வேலைதான், நீங்களே செய்யலாம்.

இதைக் கொடுக்கும்போது கூடவே ஒரு தாளில் தீட்டும் முறையையும் எழுதிக் கொடுங்கள். முதலில் உளியின் தட்டைப் பக்கம். முழு நீளமும் வேண்டாம், வாயிலிருந்து ஒரு அங்குலம் போதும். 220-இல் தட்டையாக அழுத்தி, சாய்க்காமல் தேய்க்க வேண்டும். அந்த ஒரு அங்குலத்தில், முக்கியமாக வாயின் ஓரம்வரை, ஒரே மாதிரிக் கீறல் தெரியும்வரை அதிலேயே நிற்க வேண்டும். பிறகு 400, 1000, 2000. முந்தின தாளின் கீறல் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. கூர் என்பது இரண்டு வழவழப்பான முகங்கள் சந்திக்கும் கோடு. ஒரு முகம் சொரசொரப்பாக இருந்தால் அந்தக் கோடு பல் பல்லாகத்தான் இருக்கும். நல்ல வேளையாக, தட்டைப் பக்கத்து வேலை ஒரு உளிக்கு ஆயுளில் ஒரு தரம்தான்.

அடுத்து சாய்வுப் பக்கம். உளியை 30 மி.மீ.க்கு வண்டியில் மாட்டி, 1000 தாளில் தன் பக்கமாக இழுக்க வேண்டும். தள்ளினால் வாய் தாளைக் கிழித்துவிடும். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு தட்டைப் பக்கத்தில் விரல் நுனியை வாய்க்கு வெளியே போகிற மாதிரி மெதுவாக நகர்த்திப் பார்த்தால், மயிரிழை போல ஒரு பிசிறு தட்டும். அது வாயின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை முழுக்கத் தட்ட வேண்டும். ஒரு மூலையில் இல்லை என்றால் அந்த மூலை இன்னும் தீட்டுப்படவில்லை, அங்கே விரல் அழுத்தம் கூட்டி இழுக்க வேண்டும். பிசிறு வந்ததும் 2000 தாளில் ஏழெட்டு இழுப்பு. பிறகு வண்டியைக் கழற்றி, தட்டைப் பக்கத்தை 2000-இல் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பில் பிசிறை எடுத்துவிட வேண்டும். அரையங்குலத்துக்கும் குறுகலான உளி வண்டியில் பக்கவாட்டில் ஆடும். அதற்கு இரண்டு விரலையும் வாய்க்கு அருகே வைத்து, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியாகத் தோல். செருப்புத் தைப்பவரிடம் 10 அங்குலத்துக்கு 2 அங்குலம் அளவில் கெட்டியான தோல் துண்டு வாங்கி, சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பலகைத் துண்டில் ஃபெவிகாலால் ஒட்டிவிடுங்கள். அதில் பாலிஷ் கடையில் கிடைக்கும், இரும்புக்கு மெருகு ஏற்றும் பச்சைக் கட்டியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். இதிலும் இழுப்புதான், தள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் பத்துப் பத்து. சரியாக வந்ததா என்று பார்க்க மெதுவான மரத் துண்டின் குறுக்கு முனையில் சீவிப் பார்க்க வேண்டும். பைனோ சில்வர் ஓக்கோ எதுவானாலும் சரி. தீட்டின உளி மெழுகைச் சீவுவது போலப் பளபளப்பான தடம் விடும். தீட்டாத உளி அந்த இடத்தை வெளுப்பாக நொறுக்கி வைக்கும். கடினமான மரத்தைவிட மெதுவான மரம்தான் கூருக்குக் கடுமையான பரீட்சை. அதன் நார் வளைந்து கொடுத்து, மழுங்கின வாய்க்கு அடியில் நசுங்கிவிடும்.

ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: ஓசூரில் தெரிந்த ஒர்க்ஷாப்பில் கிரைண்டர் கல்லில் பிடித்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று உளியை எடுத்துப் போக வேண்டாம். வாய் நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம், அதாவது சூடேற்றிக் கொடுத்த கடினம், இறங்கிவிட்டது. நீலம் முழுவதையும் தேய்த்து எடுக்கும்வரை அந்த உளியில் கூர் நிற்காது.

அடுத்தது பிடி. நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் கட்டைவிரலாலும் குதிகாலாலும் அழுத்திக்கொண்டு அறுப்பார்கள், இழைப்பார்கள். அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகுகிறவர் அதைப் பார்த்துச் செய்தால் உளி காலில் இறங்கும். அவருக்குக் கிளாம்ப்தான் கால் விரல். 12 அங்குலம் திறக்கும் எஃப் கிளாம்ப் இரண்டு, 4 அங்குல ஜி கிளாம்ப் இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்கிக் கொடுத்தால் பலகை அதையே அச்சாகக் கொண்டு சுழலும், ஆகவே ஜோடியாகவே வாங்க வேண்டும். கடையிலேயே ஒரு கட்டையைக் கவ்வி நன்றாக இறுக்கிப் பாருங்கள். எஃப் கிளாம்பின் நகரும் தாடை கம்பியில் வழுக்கக் கூடாது, இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். திருகின் முனையில் இருக்கும் தட்டு தளர்வாக ஆட வேண்டும். அது இறுகியிருந்தால் மரத்தில் வட்டமாகக் குழி விழும்.

கிளாம்புக்குச் சமமாகப் பயன்படும் இன்னொன்று கடையில் கிடைக்காது, ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கலாம். 10 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவில் 18 மி.மீ. பிளைவுட் பலகை. அதன் ஒரு முனையில் மேல்பக்கம் ஒரு சட்டம், எதிர் முனையில் கீழ்ப்பக்கம் ஒரு சட்டம். சட்டம் ஒன்றரை அங்குலச் சதுரம். கீழ்ச் சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல் சட்டத்தில் மரத்தை முட்டவைத்து அறுக்கலாம். மேல் சட்டத்தைப் பலகையின் அகலத்தைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாக வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் ரம்பம் இறங்கும்போது பலகை வாங்கிக்கொள்ளும், மேசை தப்பும். ஆணியோ ஸ்க்ரூவோ வேண்டாம், பசையும் மரக் குச்சியும் போதும். பலகை தேயத் தேய ரம்பம் ஒரு நாள் ஆணியைச் சந்திக்கும்.

பெரிய பிராண்டைத் தேடாமல் இருந்தால், கூருக்கும் பிடிக்கும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிக்கலாம். மிச்சத்தில் நான் முதலில் சொல்வது, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம். 6 அங்குலம் போதும், ஆனால் சோதித்து வாங்க வேண்டும். நேர் விளிம்புள்ள பலகை ஒன்றில் மட்டத்தை வைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு. பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகின அளவில் பாதி மட்டத்தின் பிழை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். பெங்களூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஹார்டுவேர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு பக்கம் நாலைந்து மட்டத்தை எடுத்து ஒப்பிட்டு வாங்க வசதி இருக்கும்.

உளி வாங்குவதானால் செட் வேண்டாம். தம்பியிடம் இருக்கும் அளவைக் கேட்டுக்கொண்டு 6, 12, 19, 25 மி.மீ. இந்த நாலில் இல்லாததை ஒன்றோ இரண்டோ நல்லதாக வாங்குங்கள். சந்தையில் கொல்லர் அடித்துத் தரும் உளியையும் ஒதுக்கிவிட வேண்டாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, பதம் சரியாக ஏற்றியிருந்தால் அது கடை உளிக்குக் குறைந்ததல்ல. சோதிப்பது எளிது: வாயை ஒட்டி ஓர் அரத்தால் இலேசாக ஒரு இழுப்பு. அரம் சட்டென்று கடித்தால் பதம் போதாது. கண்ணாடிமேல் போவது போல முழுக்க வழுக்கினால் பதம் அதிகம், வாய் தெறிக்கும். வழுக்கிக்கொண்டே அரும்பாட்டில் கொஞ்சம் கடித்தால் சரி. கூடவே ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரப்பிடி பூப்போல விரிந்துவிடும். இந்தப் பக்கத்துப் புளியமரக் கட்டையில் கடைந்த கொட்டாப்புளி பல வருஷம் உழைக்கும்.

பழைய ரம்பத்தைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். பற்கள் சாதாரண இரும்பு நிறத்தில் இருந்தால் முக்கோண அரத்தால் திரும்பத் தீட்டலாம், அந்த அரம்கூட நல்ல சின்னப் பரிசு. பல் நுனிகள் நீலமோ கறுப்போ பாய்ந்திருந்தால் அது ஆலையிலேயே கடினமாக்கிய பல். அதில் அரம் ஏறாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். புதிதாக வாங்கினால் ஜப்பான் பாணியில் இழுத்து அறுக்கும், அலகு மாற்றக்கூடிய ரம்பம் புதுக் கைக்குச் சுலபம். இழுக்கும்போது அலகு விறைத்து நேராக நிற்பதால் கோடு தவறாது. தள்ளும்போது பலம் போட்டால் அலகு வளைந்துவிடும், வைரம் பாய்ந்த புளிய மரத்தில் பல் முறியும். இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

இழைப்புளி இந்தப் பணத்துக்குள் வேண்டாம் என்பது என் கருத்து. விலை குறைந்த இரும்பு இழைப்புளியின் அடித்தட்டு தட்டையாக இருப்பதில்லை. அதைக் கிரானைட் கல்மேல் தேய்த்துச் சமன் செய்ய ஒரு முழு நாள் ஆகும். தீட்டக் கற்ற பிறகு அடுத்த ஆயுத பூஜைக்கு வாங்கித் தாருங்கள்.

கருவியைவிடத் தம்பி அதிகம் மகிழக்கூடிய பரிசு ஒன்று இருக்கிறது: காய்ந்த நல்ல மரம். பழகுகிறவர்கள் கண்டதை எடுத்து வேலை செய்கிறார்கள். பச்சை மரமோ தைலமரமோ கையில் கிடைத்தால் இன்று நேராகச் செய்தது மாசியில் முறுக்கிக்கொள்ளும். கிருஷ்ணகிரி மாவட்டம் மாந்தோப்பு மாவட்டம். காய்ப்பு நின்ற பழைய மரங்களை வெட்டும்போது அறுவை மில்லுக்கு மாமரம் வரும், தேக்கோடு ஒப்பிட்டால் விலை பாதிகூட இருக்காது. நடுத்தரக் கடினம், உளிக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மாமரத்தைப் பூச்சி விரும்பும். வெளிப்பக்கத்து வெளிறிய மரத்தில் மாச்சத்து அதிகம், அதைத்தான் வண்டு தேடி வரும். பலகையை ஒரு வெள்ளைத் தாள்மேல் நிறுத்தித் தட்டுங்கள். மைதா போலத் தூள் விழுந்தால், குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் அது பரவலாம். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம் என்பதால் சிலருக்கு இதன் பாலும் தூளும் பட்டால் தோல் அரிக்கும். அப்படி வந்தால் தம்பி வேம்புக்கு மாறிக்கொள்ளட்டும்.

மில்லில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் வைத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 72-ஐ 144-ஆல் வகுக்க, அரைக் கன அடி. காய்ந்ததா என்று சந்தேகம் இருந்தால் வீட்டில் நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து எடையைப் பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அந்த இடத்துக் காற்றுக்கு மரம் பழகிவிட்டது. இடித்த வீட்டுத் தேக்கு நிலை, சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு ஒரு காந்தம் வாங்கிக் கொடுங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஆணியை அது காட்டிக்கொடுக்கும், உளியின் வாய் தப்பும்.

ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இயந்திரம் வந்திறங்கும் பைன் பெட்டிகளும் தம்பிக்கு எளிதாகக் கிடைக்கலாம். பழகுவதற்கு அருமையான மரம். ஆனால் பலகையில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையின் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்தைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்றால் சூடு ஏற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெதில் புரோமைடு புகை போட்டது, அதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு இருப்பதும் வேண்டாம். இன்னொன்று, யாராவது சந்தனக் கட்டை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள். சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அதை வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை வழியாகத்தான் முடியும்.

மரத்தோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு முழுமையாகும். பொங்கலுக்கு ஏற்றது மணை. மேல் பலகை 18 அங்குலத்துக்கு 12 அங்குலம், ஒரு அங்குலக் கனம். அடியில் குறுக்காக இரண்டு கால் சட்டம், ஒவ்வொன்றும் 11 அங்குல நீளம், 2 அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். சேதாரத்தோடு கால் கன அடி மரம் தாராளம். சாதாரணமாகத் தோன்றும் இந்த மணையில்தான் மரவேலையின் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். 12 அங்குலப் பலகை ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும்போது 2 முதல் 3 மி.மீ. வரை வித்தியாசம் வரும். கால் சட்டமோ நார் குறுக்கே ஓடுவதால் அசையாமல் நிற்கும். இரண்டையும் முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டினாலோ மூன்று ஆணி அறைந்தாலோ, சுருங்க இடமில்லாமல் பலகை நடுவில் பிளந்துவிடும். பழைய மணைகள் நார் வழியே வெடித்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

வழி சுலபம். ஒவ்வொரு காலிலும் மூன்று துளை. நடுத் துளை ஸ்க்ரூவுக்குச் சரியாக, ஓரத் துளை இரண்டும் காலின் நீளவாக்கில் 6 மி.மீ. நீளத்துக்கு இழுத்துவிட்ட துளை. பசை கிடையாது. காலின் அடியில் கால் அங்குலம் குடைந்து, தலைக்கு வாஷர் போட்டு, ஒன்றேமுக்கால் அங்குல ஸ்க்ரூ ஏற்றினால் பலகைக்குள் அரை அங்குலம் போகும். 2 அங்குலம் போட்டால், இழைத்து மெலிந்த பலகையில் முனை மேலே எட்டிப் பார்க்கும் அபாயம் உண்டு. ஓர ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். பலகை நடுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தாராளமாக நகரும். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் கொடுத்தால், துடைத்த துணியைக் கசக்கிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள். குவித்த எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வாங்கவே கூடாத ஒன்றும் உண்டு: 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரும் அதில் மாட்டும் மரம் அறுக்கும் பல் சக்கரமும். கட்டட வேலையில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று மலிவாகக் கிடைக்கும். அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். சக்கரம் மரத்தில் சிக்கினால் இயந்திரம் பின்னோக்கித் துள்ளும். அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் தகடு அதில் இல்லை, ஒற்றைக் கையில் பிடிக்கும் பழக்கம் வேறு. விரலும் தொடையும் கிழிவது இப்படித்தான். மின்கருவிதான் வேண்டும் என்று தம்பி கேட்டால் துளையிடும் முனையைக் கவ்வும் சக் 10 மி.மீ. அளவில் உள்ள பேட்டரி டிரில் போதும்.

எந்தப் பரிசோடும் ஒரு கண்ணாடியும் சில என்95 முகக்கவசமும் வையுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உப்புத்தாள் தேய்க்கும்போது வரும் நைஸ் தூள்தான் நுரையீரல்வரை போகும். உளியால் சீவின சுருள் அப்படிப் போகாது. கூரான கருவி இருந்தால் தேய்க்கும் வேலையே பாதி குறையும்.

பணம் மிச்சமானால் பக்கத்து ஊர் ஆசாரி ஒருவரிடம் பேசி, ஒரு நாள் கூலியைக் கொடுத்து, அந்த நாள் தம்பி கூடவே உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பட்டறையில் வேலை குறைந்த நாளாகப் பார்த்துக் கேட்க வேண்டும், பண்டிகைக்கு முந்தின வாரம் அவருக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். ஒரு கட்டையின் முனையில் செதுக்கின கழுந்தும் அது நுழையும் துளையும் எப்படிப் பொருந்துகின்றன, எத்தனை தள்ளில் இறுக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கண்ணால் பார்த்தால் ஒரே நாளில் புரியும்.

வீட்டில் சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று பார்ப்பவர்களானால் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். உளி, அரம், ரம்ப அலகு எல்லாவற்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். கிரானைட் கல்லைப் பைக்குள் போடும்போது பாலிஷ் பக்கம் மேலே இருக்கட்டும், அதன்மேல் கிளாம்பை வைக்காதீர்கள்.